நாற்பத்து மூன்று மெத்தைகள்

பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டோம்.
வடக்கு மிச்சிகனில் அது ஒன்றும் முன்கூட்டி அல்ல;
ஏரி பாறையாய்க் கிடக்கும்போதுதான்
கோடையைப் பற்றிப் பேச நேரம் இருக்கும்.

சபையின் கீழ்த்தளம், ஐந்து பேர், ஆறிய காபி.
மூன்று இரவுக்கும் சேர்த்து
ஒரு வசனம் வேண்டும் என்றார் போதகர் ஓயலா.
ஒருமனப்பட்டு வாழ்வதைப் பற்றியது என்று முடிவானது.
எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்றாள் வெண்டி,
போன வருடச் சட்டையில் இருந்ததைப் படிக்க
மார்பருகே குனிய வேண்டியிருந்ததாம்.

மீதியெல்லாம் என் தலையில்.
நான் பள்ளிப் பேருந்துகளை அனுப்பிவைக்கிறவள்.
எண்ணிக்கை சரியாகாமல்
எனக்கு உறக்கம் பிடிக்காது.

முகாம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
மரம்வெட்டிகள் விட்டுப்போன ஒன்பது குடில்கள்.
ஒரு கைப்பம்பு,
முதல் இருபது அடிக்குத் துரு மட்டும் தரும்.
கரையோரம் சவுனா, அது மட்டும் புதுசு,
ஃபின்லாந்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள்,
கூரை ஒழுகலாம், சவுனா ஒழுகக் கூடாது.
பெண்கள் கழிப்பறையின் கதவடியை
ஒரு முள்ளம்பன்றி இரண்டு வருடமாகத் தின்றுவருகிறது.
மெத்தைகள் நாற்பத்து மூன்று.
தட்டித் தட்டி எண்ணினேன், தும்மிக்கொண்டே.

கார்ல் நியெமிக்குக் கீழ்க்கட்டில், முழங்கால்.
லாட்டி வீட்டுப் பையனுக்கு நிலக்கடலை ஆகாது,
ஆகவே யாருக்கும் கடலை வெண்ணெய் இல்லை;
அறிவித்த ஞாயிறன்று
சபையில் ஒரு சாவு விழுந்த மாதிரி அமைதி.
கரடி வரும், சாப்பாடு காரில்.
மழை வந்தால்?
வந்தால் நனைவோம், அடுத்தது.

மே மாதம் ப்ரென்ட் காங்கஸின் படிவம் வந்தது.
பெரியவர் ஒருவர், பிள்ளைகள் மூவர்:
அன்னிகா, ஐசக், மே.

மூன்று நாள் கழித்து ரோடா காங்கஸ்.
பெரியவர் ஒருவர், பிள்ளைகள் மூவர்:
அன்னிகா, ஐசக், மே.
வேறு முகவரி. அதே ஊர்.

ஒவ்வாமை ஏதும் இல்லை என்று அவன்.
மே-க்கு ஸ்ட்ராபெரி என்று அவள்.
ஐசக்குக்கு இருட்டு பயம், விளக்கு வேண்டும்,
இது அவன் படிவத்தில் மட்டும்.
இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன்.
சேர்த்துப் படித்தால்தான்
பிள்ளைகள் முழுசாகத் தெரிந்தார்கள்.

ஆள் நாற்பத்து மூன்று, பெயர் நாற்பத்தாறு.
ஜெபத்தில் வைப்போம் என்றார் போதகர்.
நீயே பார்த்துக்கொள் என்று அதற்கு அர்த்தம்.

பென்சிலால் போட்டேன், அழித்தேன்.
வெள்ளி அவனிடம், சனி அவளிடம்;
ஞாயிறை இரண்டாகப் பிளக்க முடியவில்லை.
தாள் அந்த இடத்தில் மெலிந்து
மேசையின் கோடு தெரிந்தது.

ரோடாவுக்கு ஃபோன் செய்தேன்.
எத்தனை டஜன் முட்டை கொண்டுவருவாய் என்று கேட்டேன்.
ஐந்து என்றாள்.
பிறகு கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் ஃபோனை வைக்காமலே இருந்தோம்.
அவள் பக்கம் ஏதோ ஒரு குழாய் சொட்டியது.
கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

தீயணைப்பு நிலையத்தில் மடக்குக் கட்டில்கள் இருக்கின்றன.
மூன்று இரவல் கேட்டேன்,
எதற்கு என்று அவர்களும் கேட்கவில்லை.
நான்காம் குடிலில் ப்ரென்ட்டும் மூன்று படுக்கைகளும்.
எட்டாம் குடிலில் ரோடாவும் மூன்று படுக்கைகளும்.
நடுவில் சவுனா, விறகுக் குவியல்,
ராத்திரியில் ஒரு பிள்ளை
டார்ச்சோடு நடக்கக்கூடிய தூரம்.
விளக்கு இரண்டு குடிலிலும்.

எந்த இரவிலும் மூன்று காலியாகத்தான் இருக்கும்.
பேருந்தில் அப்படி விட மாட்டேன்.
இங்கே விட்டேன்.

சட்டைகள் நேற்று வரச் சொன்னேன்.
மே-யின் அளவு சிறியது என்று எழுதியிருக்கிறான் அவன்,
நடுத்தரம் என்கிறாள் அவள்.
நடுத்தரம் போட்டேன், ஆகஸ்டுக்குள் வளரட்டும்.

முள்ளம்பன்றிக்குத்தான்
இன்னும் ஒரு வழியும் தோன்றவில்லை.