ஆச்சரியக்குறி

விளாதிவஸ்தோக்கில் புதிதாய் ஓட்டுகிறவர்
பின்கண்ணாடியில் மஞ்சள் அட்டை ஒட்டவேண்டும்.
எழுத்தில்லை அதில்,
கறுப்பாய் ஓர் ஆச்சரியக்குறி.

மீன் ஆலையில் டின்களுக்குத் தேதி குத்தும்
ரிம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு.
நியாயம்தான் என்று ஒட்டிக்கொண்டாள்.

ஜப்பானில் யாரோ ஓட்டித் தீர்த்த கார்.
சாவியைத் திருப்பினால்
ஒரு பெண்குரல் பணிவாக ஏதோ சொல்லும்.
நல்லபடி போய்வா என்கிறதாக்கும் என்று
தினமும் தலையாட்டிவிட்டுத்தான் கியர்.

ஒருநாள் மேட்டில் பனி. பின்னால் லாரி அலறியது.
கை நடுங்க, அந்தக் குரலையே பிடித்துக்கொண்டு
ஏறிவிட்டாள்.

கப்பல் வேலைக்குப் போய்வந்த ப்ரோஹர்
கேட்டுவிட்டுச் சிரித்தான்:
"அட்டை செருகப்படவில்லை. அவ்வளவுதான் சொல்கிறது."

மறுநாள் சாவி. அதே பணிவு.
"பின்னால் ஒட்டியிருக்கிறேனே,
பார்க்கவில்லையா?" என்றபடி
ரிவர்ஸ் எடுத்தாள் ரிம்மா.