மேற்கு மண்டலம், பி பிரிவு

சுற்றறிக்கை இரண்டு நாள்
பஸ் பாஸ் அறிவிப்புக்கு அடியில் கிடந்தது.
மூன்றாம் நாள் டில்லிபாபு பிய்த்துக்கொண்டு வந்தான்.
"நம்மள மேற்குல தூக்கிப் போட்டுட்டானுங்கடா."

எங்களுக்கு மேற்கு என்பது
பெரம்பூரில் தொடங்கி லோகோ ஷெட் சுவரில் முடிந்துவிடும்.
சுற்றறிக்கையின் மேற்கோ
திருவள்ளூர் தாண்டி, ஏரி தாண்டி,
நாங்கள் பெயர்கூடக் கேட்டிராத கல்லூரிகளில்
போய் உட்கார்ந்திருந்தது.

நிர்வாக வசதி. ஒளிபரப்பு வசதி. விளையாட்டின் வளர்ச்சி.
யாரோ வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்து இழுத்திருக்கிறார்கள்.
கோடு கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தோடு ஓடுகிறது.
அந்தப் பக்கம் தண்டையார்பேட்டைக் கல்லூரி:
எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது, பெயர் வடக்கு.
கேட் மூடியிருக்கும்போது நின்று கத்தினால்
பதிலுக்குத் திட்டு வரும் தூரம்.

மூன்று வருடம் அவர்களிடம் தோற்றிருக்கிறோம்.
முதல் வருடம் எண்பத்தெட்டாவது நிமிடத்தில்.
அடுத்தது பெனால்டி. அது ஹேண்ட்பாலே இல்லை,
செத்தாலும் சொல்வேன்.
போன வருடம் மழை; சேற்றில் பந்து நின்றுவிட்டது,
இருதயராஜ் நிற்கவில்லை.
என் இடது புருவத்தில் நான்கு தையல், அவன் முழங்கை.
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று
எனக்குச் சீட்டு வாங்கித் தந்தவனும் அவன்தான்.
தந்துவிட்டு, "அடுத்த வருசம் ரைட்டு புருவம்" என்றான்.

அந்த அடுத்த வருசத்தைத்தான்
இப்போது எடுத்துவிட்டார்கள்.

எத்திராஜுலு சார் அலுவலகத்துக்குப் போனார்.
டீ கொடுத்தார்களாம். கலர் மேப் காட்டினார்களாம்.
"எதிர்ல யாரு ஆடுனா என்ன சார், புள்ளி புள்ளிதானே?"
திரும்பி வந்தவர் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து
காற்று நிறைந்த பந்துகளுக்கே
மறுபடி காற்றடித்துக்கொண்டிருந்தார்.

முதல் ஆட்டத்துக்கு விடியுமுன் லோக்கல்,
அப்புறம் வேன், அப்புறம் நடை.
மைதானம் முழுக்கப் புல்.
எங்கள் மண்ணில் பந்து எங்கே எகிறும் என்பது
எங்களுக்கும் அந்தக் கண்ணாடிச் சில்லுகளுக்கும் மட்டும் தெரியும்.
இங்கே சொன்ன இடத்துக்குப் போனது.
அதுவே பயமாக இருந்தது.

நாலு சைபர். ஜெயித்தோம்.
கம்பத்து உச்சியில் ஒரு கேமரா
காக்கா மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.
தோற்றவர்கள் கைகொடுத்து "சூப்பர்ணா" என்றார்கள்,
தர்பூசணி நறுக்கித் தந்தார்கள்.
சுவரில் ஏறி உட்கார்ந்து
"ஏய் பஞ்சர், ஓடுடா" என்று என்னைக் கூப்பிட ஆள் இல்லை.
அங்கே சுவரே இல்லை.
எங்கள் கோலி அஸ்லம்பாஷா, பந்தே வராத கம்பத்தடியில்
தன்னைத்தானே திட்டிக்கொண்டு நின்றான்,
பழக்கதோஷம்.

இரவு ஒன்பதரைக்கு ஜீவா ஸ்டேஷனில் இறங்கினால்
படிக்கட்டுக்குக் கீழே, சைக்கிளில் சாய்ந்தபடி, இருதயராஜ்.
அவர்களும் அன்றைக்கு ஜெயித்திருந்தார்கள்,
பழவேற்காடு பக்கம் ஏதோ புதுக் கல்லூரியை, ஐந்து.

"எவ்ளோ?"
"நாலு."
"யார் யாரு அடிச்சா?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் சைக்கிள் பெல்லை நிமிண்டிக்கொண்டிருந்தான்.
"நாங்க இருந்தா நாலு வந்திருக்காது."
"நீங்க இருந்தா ஒன்னே போதும்டா."

டில்லிபாபு பசிக்கிறது என்று என் பையை இழுத்தான்.
கடன் கொடுத்தவன், வாங்கினவன்
இரண்டு பேரும் இங்கேதான் நிற்கிறோம்,
கணக்கு நோட்டை மட்டும் யாரோ
வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்
என்று அவனிடம் சொல்ல நினைத்தேன்.
சொன்னால் சிரிப்பான்.

"ரைட்டு புருவம் பத்திரம்" என்று
சைக்கிளைத் திருப்பினான் இருதயராஜ்.
சப்வேயில் முழங்கால் தண்ணீர்.
இறங்கி, பேன்ட்டை மடித்துக்கொண்டு,
தள்ளிக்கொண்டே போனான்
வடக்கு மண்டலத்துக்கு.