கழித்தது போக

மேல்மொணவூர் நிறுத்தத்தில் இறங்கும்போது
மணி பதினொன்றேகால்.
கைக்கணினி சூட்டில் இரண்டு முறை அணைந்துவிட்டது.
துப்பட்டாவால் விசிறினேன்,
அதற்கு. எனக்கில்லை.

முகாம். நான்காம் வரிசை. வீடு பத்தொன்பது.
நிரோஜன், முப்பத்துமூன்று, பெயின்டர்.

வந்த ஆண்டு?

"எங்க வந்தேன்? பென்ட்லண்ட் ஆஸ்பத்திரில பொறந்தேன்.
இன்னா மேடம் நீங்க."

கட்டம் காலியாக இருந்தால்
அடுத்த பக்கம் திறக்காது.
பிறந்த ஆண்டையே போட்டேன்.
எல்லை கடந்த வழி: கடல், வான், பிற.
'பிற' என்பதைத் தொட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

செலவுப் பக்கம் நிரம்பியே வந்திருந்தது:
மாதப் பணம், அரிசி,
மகள் சுவர்ணிகா பள்ளியில் தின்னும் முட்டைகூட
ஆண்டுக்கு இத்தனை என்று.

வரவுப் பக்கத்தில் இரண்டே கேள்வி.
வருமான வரி? இல்லை.
சொத்து வரி?
உள்ளேயிருந்து யசோதினி சிரித்தாள்.
அவள் பேச்சில் இன்னும் மன்னார்:
"காணி வாங்க விடுங்கோ, கட்டுறம்."

"ரீசார்ஜ் பண்றனே, அதுல புடிக்கிறாங்கல்ல?"
ஆமாம்.
"சோப்பு?"
ஆமாம்.
"முட்டிவலித் தைலம்?"
அதிலும்தான். கட்டம் இல்லை.

கொஞ்ச நேரம் விரல்நகத்துப் பெயின்ட்டைச் சுரண்டினான்.
"போன வருசம் உங்க ஆபீஸ் மூணாவது மாடி
நான்தான் அடிச்சேன். இளம்பச்சை."

என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் சுவர்.
ஒப்பந்தக்காரர் பெயரில் அது
வேறொரு துறையின் கோப்பில் இருக்கும்;
இவன் கூலி அதில் 'இதர'.

சத்துவாச்சாரி திரும்பிப் பதிவேற்றினேன்.
நிகரம்:
கழித்தல் குறி, ஓர் எண்,
புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம்.
அந்த இரண்டு இலக்கத்தைப் பார்த்தால்
யாரும் நம்பிவிடுவார்கள்.

நான் அட்டவணையை விரித்தேன்.
இருபத்திரண்டாம் வரி
(அவன் கட்டாத வரி அல்ல, இது வெறும் கோடு):
'அகதிகள் நலன். கணக்கெடுப்பாளர் நாள்படி, பயணப்படி.
வீட்டுக்கு இவ்வளவு எனப் பகிர்க.'

பழைய பஸ் ஸ்டாண்டில் நான் தின்ற இரண்டு இட்லி,
ஒரு வடை, காப்பி.
பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்தில்
ஓசியில் போய்வந்த எனக்கு
முழுதாக வந்த பயணப்படி.
எல்லாம் அவன் தலையில்
இந்த நாட்டுக்கு அவனால் ஆன செலவாக.

இளம்பச்சைச் சுவரில் சாய்ந்தேன்.

வடையில் எண்ணெய் அதிகம் என்று
பாதியை வைத்துவிட்டு எழுந்திருந்தேன்,
காலையில்.