முப்பத்தெட்டுத் தபால்தலைகள்

ஆம்புரோஸ் பெக்ஃபோர்ட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
தொப்பியில் பனி, கையில் ஒரு பட்டியல்.
முப்பத்தெட்டுத் தபால்தலை வேண்டுமாம்.
நியூஃபவுண்ட்லாந்தின் இந்த விரிகுடாவில்
ஒரே நாளில் அத்தனை கடிதம் போக
ஒன்று தேர்தல் வரவேண்டும்,
இல்லை யாராவது சாகவேண்டும்.

டல்சி போய் மூன்று வாரம்.

வீட்டில் எழுத வரவில்லை என்று
பார்சல் எடைபோடும் மேசையில் உட்கார்ந்தார்.
பேனாவை அவர் பிடித்த விதம்
தூண்டில் முள்ளைப் பிடிக்கிற விதம்.

"நாற்பத்தாறு வருஷம்," என்றார் நிமிராமல்,
"என் பெயரையும் அவள்தான் எழுதினாள்.
எந்த வாழ்த்தானாலும், எந்த நன்றியானாலும்
அன்புடன், டல்சியும் ஆம்புரோஸும்.
இப்போது நானே எழுதினால்
கள்ளக் கையெழுத்து மாதிரி இருக்கிறது."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான்.
ஊர் அறிந்த ஆம்புரோஸுக்கு ஒரு சாய்வு உண்டு,
கடைசி எழுத்தில் சுழித்த வால் உண்டு.
இது மழையில் நனைந்த வேலிக் கம்புகள்.

ஆனாலும் எழுதினார்.
ரீட் வீட்டாருக்கு:
ஆப்பிள் பை தீர்ந்துவிட்டது. நன்றாக இருந்தது.
மேலோடு டல்சி சுடுவதைவிடக் கொஞ்சம் தடிமன்.
இதை அனுப்பலாமா என்று கேட்டார்.
அனுப்புங்கள் என்றேன்.
பனி வாரிய பையனுக்கு:
நீ வாரியதை ஜன்னல் வழியே பார்த்தேன்.
வெளியே வர முடியவில்லை.
உன்மேல் கோபம் என்று நினைக்காதே.

சாயங்காலம் ஓர் அட்டை மிஞ்சியது.
வந்த பாத்திரம் எல்லாவற்றுக்கும்
அடியில் ஒட்டுத்தாளில் பெயர் இருந்ததாம்.
அந்த நீலப் பாத்திரத்திலும் இருந்ததாம்:
பெக்ஃபோர்ட். டல்சியின் கை.
"எங்கள் பாத்திரம். எப்போது யாரிடம் போனதோ.
விடியுமுன்னே வாசற்படியில்,
உருளைக்கிழங்கும் காட் கருவாடுமாக,
மூடியில் ஆவியோடு."

நான் ரப்பர் முத்திரையை எடுத்துத் தேதியைச் சரிசெய்தேன்.
தேதி சரியாகத்தான் இருந்தது.

பதினோரு வருஷம் என் அலமாரியில் இருந்தது அது.
ஒரு கிறிஸ்துமஸுக்கு இரவல் வாங்கினேன்.
முதலில் மறதி. பிறகு சோம்பல்.
அப்புறம், இத்தனை நாள் கழித்து
எந்த முகத்தோடு கொடுப்பது.
டல்சி கேட்கவே இல்லை.
வாரம் இரண்டு முறை இதே கல்லாவில் நின்று
காற்றைப் பற்றிப் பேசினாள், நண்டு விலை பேசினாள்.
அவள் கேட்காத ஒவ்வொரு வாரமும்
பாத்திரம் கொஞ்சம் கனத்தது.

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.
"உறை போதுமா?" என்று கேட்டேன்.

கடைசி அட்டையை அவர் உறையில் போடவில்லை.
அறிவிப்புப் பலகையில், விற்பனைக்கு வந்த படகுக்கும்
காணாமல் போன பூனைக்கும் நடுவே குத்தினார்.

நீலப் பாத்திரம் கொண்டுவந்தவருக்கு.
அந்த வாரம் நான் முழுதாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.
பாத்திரத்தைக் கழுவிவிட்டேன்.
அடிப்பக்கம் மட்டும் கழுவவில்லை.
நன்றி.
ஆம்புரோஸ்.

மிஞ்சிய தபால்தலைக்குக் காசைத் திருப்பித் தந்தேன்.
வாங்கவில்லை.

விளக்கை அணைக்கப் போனவள் திரும்பி வந்து
பென்சிலால் அதன் கீழே எழுதினேன்:
கருவாட்டைச் சரியாக ஊறவைக்கவில்லை.
உப்புக் கூடிவிட்டது. மன்னிக்கவும்.
பெயர் போடவில்லை.
போட்டுத்தான் தெரியவேண்டுமா என்ன,
ஊரில் எல்லார் வீட்டு ரசீதும் என் கைதான்.

வெள்ளிக்கிழமை வந்தார்.
கண்ணாடியை மாற்றிக்கொண்டு
பலகை முன் வெகுநேரம் நின்றார்.
என் பக்கம் பார்க்கவில்லை.
கயிற்றில் கட்டிய பேனா ஒருமுறை ஆடி நின்றது.

கதவு மூடியபின் போய்ப் பார்த்தேன்.
என் வரிக்குக் கீழே, வேலிக் கம்பு எழுத்தில்:

டல்சிக்கும் கூடத்தான் செய்யும்.