அன்று மழை பெய்ததா

மூன்றாம் செமஸ்டர், நான்காம் தாள்:
புனைவல்லாத எழுத்து.
ஆயிரத்து ஐந்நூறு சொல்.
நடந்தது மட்டும்.

இரண்டு வருஷமாகப்
பார்த்தேயிராத பூக்களின் பெயரைப்
பரீட்சைக்கு நெட்டுருப் போட்டவள்.
அந்தத் தீவில் பனி எந்த மாதம் உருகும் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
பள்ளத்தூரிலிருந்து தினமும் ஏற்றிவரும்
ஏழே முக்கால் பஸ்ஸின்
கண்டக்டர் பெயர் தெரியாது.

வகுப்பில் பாதிப் பேர்
ஆயிரம் ஜன்னல் வீட்டை எடுத்துக்கொண்டார்கள்.
எழுதி எழுதியே அதற்கு
இன்னும் பத்து ஜன்னல் வைத்தார்கள்.
நான் அம்மாவை எடுத்தேன்.

முத்துராக்கு. வயது நாற்பத்தொன்பது.
கல்யாணச் சமையல் கோஷ்டியில்
உரிப்பு, அரைப்பு, கழுவல்.
கானாடுகாத்தானில் முந்நூறு இலைக் கல்யாணம்,
அவள் பங்குக்குச் சின்ன வெங்காயம் பதினெட்டுக் கிலோ.
போனில் ரெக்கார்டரை அமுக்கி முன்னால் வைத்தேன்.
போட்டோ பிடிப்பதுபோல்
முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சம்பளத்தையும் எழுதுவியா?"
எழுதணும்மா.
"அறுநூறுன்னு போடு."
எவ்வளவு குடுக்குறாங்க?
"நானூத்தம்பது. நீ அறுநூறுன்னு போடு.
இங்கிலீசுல படிக்கிறவுக முன்னாடி
நாம ஏன் எளப்பமாத் தெரியணும்?"

முதல் வரைவில் மழை பெய்தது.
ஆங்கிலத்தில் ஒரு துக்கம் தொடங்கினால்
மழை வந்தாக வேண்டும் என்றிருந்தேன்.
முற்றத்தில், கவிழ்த்த அண்டாவின் முதுகில்,
ஒரு பத்தி முழுக்கப் பெய்தது.
தாள் மாற்றித் திருத்தும் வகுப்பில்
தேவகோட்டை ஜெசிந்தா
பச்சை மையில் வட்டமிட்டு ஓரத்தில் கேட்டாள்:
அன்று மழை பெய்ததா?

சித்திரை.
கிணற்றில் விட்ட வாளி
தண்ணீரைத் தொட்ட சத்தம்
மேலே வந்துசேர நேரம் பிடித்த சித்திரை.
மழையை அடித்தேன்.
பத்தி காய்ந்துபோயிற்று.
அண்டா மிஞ்சியது. தேய்த்த கை,
புளி, சாம்பல்,
நகக்கண்ணில் ஊதா நிறத் தோல்.

அடுத்த வட்டம் 'ஐ'யின் மேல்.
ஒரே பக்கத்தில் பதினொரு தடவை.
தமிழில் எனக்கு அந்தக் கஷ்டமில்லை.
போனேன், பார்த்தேன், கேட்டேன்,
வினையின் வாலைப் பிடித்துக்கொண்டு
யாரும் கவனிக்காமல் வந்துவிடுவேன்.
அங்கே முடியாது.
வாக்கியத்தின் வாசலில்
ரோட்டோரக் கரண்டுக் கம்பம் மாதிரி
ஒற்றையாய், நெட்டையாய் நிற்க வேண்டும்.

நின்றேன்.
அங்கிருந்து பார்த்தால் தெரிந்தது:
அந்தச் சமையல்கட்டில் அன்று முழுக்க
ஒரு வெங்காயம்கூட உரிக்கவில்லை.
குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.
அதையும் எழுதினேன்.
அதற்குப் பிறகு 'ஐ' நான்குதான் மிச்சம்.

சம்பளத்தை இப்படி வைத்தேன்:
அவள் வாங்குவது நானூற்றைம்பது;
எழுதச் சொன்னது அறுநூறு.
இரண்டுக்கும் நடுவில் ஓர் அரைப்புள்ளி.
அதன் விலை நூற்றைம்பது ரூபாய்.

ராத்திரி தமிழில் சொல்லிக் காட்டினேன்.
படித்துக்கொண்டே மொழிபெயர்ப்பதில்
திக்கினேன், ஒரு வரியைத் தாண்டிக் குதித்தேன்,
சம்பளத்தைத் தாண்டவில்லை.
சும்மா இருந்தாள்.
ஃபேன் சுற்றுகிற சத்தம்.
பிறகு,
"அன்னிக்குக் கந்தரப்பம் இல்லடி.
வெள்ளைப் பணியாரம். மாத்து."
மாற்றினேன்.

தாளைக் கொடுத்து மூன்றாம் நாள்
ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் சொல்ல வந்த
கோஷ்டிக்காரரிடம்
அறுநூறு கேட்டிருக்கிறாள்.
வாசலிலேயே வைத்து.
அவர் சிரித்து, வெற்றிலையைத் துப்பி,
இறங்கி இறங்கி ஐந்நூறில் நின்றாராம்.
நானூறில் ஆரம்பித்தவர் மாதிரி
ஏறி ஏறி என்று திருத்தினாள் அம்மா.

மறுநாள் துறை அலுவலகத்தில்
கட்டுரையைத் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டேன்.
கட்டிச் சீல் வைத்தாயிற்றாம்.
உள்ளே ஓர் எண்
இப்போது பொய்.