எடைச் சீட்டு

பள்ளத்தூர் எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
பார வண்டி எடையில் வெறும் வண்டி எடை
கழித்தால் சரக்கு.
விடிந்ததும் கண்மாய்க் கலுங்கில் உட்காருவேன்.
தவளைக்குஞ்சு கோத்தால் விரால் வரும்.

நான் மீன் தின்பதில்லை.
கைத்தராசில் தொங்கவிட்டு,
வாலில் ஓர் ஓரம் நறுக்கி,
பழைய சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டு
விட்டுவிடுவேன்.
அதைச் சொல்லும்போது என் குரலில்
கொஞ்சம் திருநீறு மணக்கும்.

டீக்கடையில் வயிரவன் கேட்டான்:
"விட்டே, சரி. பொழச்சுச்சா?"

அந்தக் கேள்விக்குப் பின்முள் இருந்தது.
உருவினால் சதையோடுதான் வரும்.

சீட்டுகளைப் புரட்டினேன்.
ஐப்பசி ஒன்பது, எண்ணூறு கிராம்:
முள் தொண்டைக்குள். நரம்பை அறுத்து விட்டேன்.
கார்த்திகையில் ஒன்று, செவுளில் ரத்தம்:
மல்லாந்தது, நிமிர்ந்தது,
அப்புறம் கலங்கல்.
மார்கழிக் குளிரில் காய்ந்த கையால் பிடித்தது:
அதன் வழுவழுப்பு என் உள்ளங்கையில் தங்கிவிட்டது.
அதுதான் அதற்குத் தோலுக்கு மேல் தோல் என்று
பிறகு தெரிந்தது.

நாற்பத்தோரு சீட்டு.
போன எடை இருக்கிறது,
வந்த எடை இல்லை.
மூச்சுக்கு மேலே வரும் ஒவ்வொரு குமிழியையும்
இது நம்முடையதா என்று பார்த்திருந்தேன்,
கடன் கொடுத்தவன் மாதிரி.

சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிற்று.
வெள்ளைத்துண்டு வீசியதும்
ஊத்தாவும் கச்சாவுமாக ஊரே உள்ளே.
நான் கரையில் நின்று
ஏறுகிறவர்களின் பாத்திரத்தில் குனிந்து
வால் வாலாகப் பார்த்தேன்.
"என்ன சார், வரி போடப் போறீகளா?"

பூமயிலின் அன்னக்கூடையில் இருந்தது.
நறுக்கிய ஓரம் நெளிந்து வளர்ந்திருந்தது.
வாய் ஒரு பக்கம் கோணல்.
தூக்கிப் பார்க்கலாமா என்றேன்.
ஒன்றேகால் கிலோ.

தொண்டையில் என் முள்ளோடு
நானூற்றைம்பது கிராம்!
எப்படி விழுங்கிற்றோ, எத்தனை நாள் பட்டினியோ,
என்னிடமிருந்து பிழைத்திருக்கிறது.
சிரித்துவிட்டேன்.
அது என் கையில் வாயைத் திறந்து திறந்து மூடியது.

பூமயில் வாங்கிப் பார்த்தாள்.
இரண்டு விரலை உள்ளே விட்டு ஒரு முறுக்கு.
துருப்பிடித்த முள், கூடவே சாண் நீல நரம்பு.
"யாரு வச்ச வேலை இது?
சின்னவன் தொண்டைக்குள்ள போயிருந்தா?"

நான்தான் என்று சொல்லவில்லை.
குப்பையில் போடுகிறேன் என்று வாங்கி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றிரவு வண்டி வராத நேரம்
முள்ளை மேடையில் வைத்தேன்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எதையும் காட்டாத மேடை அது.