இருபது மில்லிகிராம்

வீராம்பட்டினத்து ஏலக் கொட்டகையில்
நெத்திலிப் பெட்டியின் மூடி பறக்காமல்
அழுத்திக்கொண்டிருந்தது.
உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் இழைத்த வழவழப்பு,
மறுபக்கம் உடைந்த வாய்.
"ஆத்துல என் வலையக் கிழிச்சிது, அதுக்குத்தான் தண்டனை"
என்றாள் இருசம்மாள்.
ஒரு வாரத்துக்கு மட்டும் என்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
அதுவரை மூடிமேல் இருக்க
ஒரு செங்கல் கொடுத்தேன்.

காலாப்பட்டு ஆய்வகத்தில் ஆரோக்கியநாதன்
வழவழத்த முகத்தைத் தொடாமல்
உடைந்த வாயில் துளையிட்டார்.
மூக்குப்பொடி அளவு வெண்தூள்.
இருபது மில்லிகிராம்.
அப்போதுதான் அந்த வாடை:
அழுகிய முட்டை.
சன்னலைத் திறந்தார்.

அமிலத்தில் தூள் நுரைத்து
ஓர் ஏப்பமாகிப் போனது.
அந்த ஏப்பத்தை நிறுத்துப் பார்த்த இயந்திரம்
கனத்த கார்பன் எவ்வளவு, கனத்த ஆக்சிஜன் எவ்வளவு என்று
இரண்டே எண்கள் சொன்னது.

வரைதாளில் வட்டங்கள், தீவுகள் மாதிரி.
யாரோ அந்தந்த மலைக்கே நடந்துபோய்
சுத்தியலால் சில்லு பெயர்த்து வந்ததால் உண்டானவை.
யாரும் போகாத குவாரிக்கு வட்டமில்லை.
அங்கிருந்து கிளம்பிய கல்
பக்கத்து ஊர்க்காரன் என்றே பதிவாகும்.
எங்கள் புள்ளி
மூன்று வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் விழுந்தது:
கர்ராரா. பாரோஸ். மர்மராக் கடல்தீவு.

கர்ராரா என்றால் கதை முடிந்தது.
பிரெஞ்சுக்காரர் கல்லறைப் பலகை,
இல்லையென்றால் எவர் வீட்டுக் குளியலறையோ.
நுண்ணோக்கியில் மணிகளை அளந்தோம்.
கர்ராராவின் மணி பொடியுப்பு.
இது கல்லுப்பு,
ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேலே.
ஒரு வட்டத்தை அடித்தோம்.

மர்மராக் கல்லை உடைத்தால் நாறும் என்கிறது கையேடு.
கல்லாகுமுன் அது கடலடிச் சேறு;
சேற்றின் மூச்சு
மணிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதாம்.
ஆரோக்கியநாதன் மேசையைத் தட்டினார்.
ரோமானியக் கப்பல், அரிக்கமேட்டுத் துறை,
சாடிகளுக்கிடையே அடிப்பாரம் –
அவர் கப்பலுக்குப் பாய் கட்டுவதற்குள்
எனக்கு அரியாங்குப்பத்துப் பாலம் ஞாபகம் வந்தது.
வத்தத்தில் பேருந்து முழுக்க
மூக்கைப் பொத்தும் இடம்.
அதே முட்டை.

கல் நாறியதா,
ஊறிக்கிடந்த கழி நாறியதா?
"அவ்வளவு ஆழத்துக்குச் சேறு ஏறாது."
"விரிசல் இருக்கே, சார்."
அறிக்கையில் 'மர்மராவாக இருக்கக்கூடும்'.
அந்தக் 'கூடும்' என்பதை
அவர் இரண்டு முறை அழித்தார்,
நான் மூன்று முறை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை கல்லைக் கொண்டுபோனேன்.
"எந்த ஊராம்?"
"துருக்கிப் பக்கம். இல்லன்னா கிரேக்கம். நிச்சயமாச் சொல்ல முடியல."
"இதுக்கா ஒரு வாரம்?"
துளைக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தாள்.
"அந்தாண்ட வரைக்கும் போட்டிருந்தீன்னா
கயிறு கோத்திருப்பேன்."

செங்கல்லைத் திருப்பித் தரவில்லை.